ஆறரைச் சோடிச் செருப்பு

நாகப்பட்டினத்தில், கடற்காற்றும் கோயில் மணியோசையும் ஒரே வழியாக வந்து நுழையும் வெள்ளைக்குளத் தெருவில், நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுதி ஓய்வு பெற்றவளும், கணவனை இழந்தவளும், ஒரே மகளை மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டுத் தன் தகப்பனார் கட்டிய வீட்டில் தனியாக வாழ்பவளுமாகிய நீலாயதாட்சி, புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வாசல் தெளிப்பதற்காகக் கதவைத் திறந்தபோது, படியின் கீழே, முனைப் பக்கம் வீட்டை நோக்கியிருக்க, பழுப்பு நிறத் தோல் செருப்பு ஒரு சோடி கிடந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எண்ணி அவள் உட்பக்கம் திரும்பி, “யாருங்க?” என்று கேட்டாள். கூடத்தில் ஊஞ்சல் மட்டும் இருந்தது.

அதற்கு முந்திய நாள் மாலையில்தான் மெல்போர்னிலிருந்து மகள் மதிவதனி தொலைபேசியில் அழைத்திருந்தாள். ஆடி மாதம் விடுமுறைக்கு வந்திருந்த அவள், சிறிய பெட்டி ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் குழாயை எடுத்து நீட்டி, இதில் துப்பிக் கொடுத்தால் நம்முடைய முன்னோர் எங்கெங்கே இருந்தார்கள், நமக்கு யார் யார் இரத்த உறவு என்பதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கண்டு சொல்லிவிடுவார்கள் என்றாள். ஒருவர் எச்சில் பட்ட கரண்டியை இன்னொருவர் பாத்திரத்தில் வைக்காத வீட்டில் இப்படியொரு வேண்டுகோள் அதுவரை எழுந்ததில்லை.

“துப்புறதா? உன் எதிர்லயா?”

“டி.என்.ஏ. டெஸ்ட்டும்மா. அங்கே எல்லாரும் பண்றாங்க.”

“நம்ம உறவுக்காரங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல பிறந்தவங்க, போனவங்க அத்தனை பேரையும் எழுதினவடி நான்.”

“அப்புறம் என்ன பயம்? துப்பு.”

நீலாயதாட்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குழாயை நிரப்பினாள். இரண்டு மாதங்களுக்கு அந்தப் பேச்சு எழவில்லை. திங்கட்கிழமை மாலையில் அழைத்தபோது மதிவதனியின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“அம்மா, ரிசல்ட் வந்திருக்கு. உனக்கு ஒரு தங்கச்சி இருக்கறதா காட்டுது. சிங்கப்பூர்ல. பாதி உடன்பிறப்பாம். தாத்தா வழியில.”

“அதென்ன பாதி? உடன்பிறப்புல அரை, முக்கால்னு அளந்து பார்ப்பாங்களா?”

“பேரு போட்டிருக்கு. திறந்து பார்க்கவா?”

“வேண்டாம். மூடி வை.”

மூடி வைக்கச் சொன்னவளின் வாசலுக்கு மறுநாள் காலையில் செருப்பு வந்தது.

நீலாயதாட்சிக்கு அவளுடைய தகப்பனார் சிவக்கொழுந்து எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால்தான் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது விளங்கும். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேதாரண்யத்து உப்பளங்களுக்கும் திருத்துறைப்பூண்டி வயல்களுக்கும் நடுவே, மண்ணெண்ணெய் விளக்கைத் தவிர வேறொன்றும் அறியாத ஊர்களுக்கெல்லாம் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, முதல் விளக்கை எரிய வைத்தவர். ஓர் ஊரில் ஆறு மாதம், இன்னோர் ஊரில் எட்டு மாதம் என்று தங்கியிருந்து சனிக்கிழமை தோறும் தார் வாசனையோடு வீடு வந்து சேருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பேருந்தின் சன்னல் ஓரத்தில் உட்கார வைத்துக்கொண்டு போய், ஓடி மறையும் கம்பங்களைக் காட்டி, “இது நான் நட்டது, அது நான் நட்டது” என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் கம்பங்கள் எல்லாம் தனக்காகவே நடப்பட்டவை என்று எண்ணி வளர்ந்த நீலாயதாட்சி, அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகும் இந்த நாள் வரையில் அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர் விட்டுப்போன உண்மையான சொத்து அதுதான். அதை யாரோடும் பங்கிட அவள் ஆயத்தமாக இல்லை.

ஆயினும் செருப்புகள் வந்தன. வியாழக்கிழமை, நீல வாரில் ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பு வந்தது. சனிக்கிழமை, குதிகால் உயர்ந்த, விலையுயர்ந்த கறுப்புச் செருப்பு வந்தது. அது சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று, தொலைபேசிப் பேச்சு எப்படியோ காதுக்கு எட்டிவிட்ட தெரு, ஒரு மனதாகத் தீர்மானித்தது. அடுத்த வாரத்தில் லாரி டயரை அறுத்துச் செய்த செருப்பும், பளபளவென்று மெருகேற்றிய காவலர் பூட்ஸும், சுண்ணாம்புத் திட்டுகள் படிந்த கான்வாஸ் காலணியும் வந்தன. கடைசியாக, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வலது காலுக்குரிய ஒற்றைச் செருப்பு மட்டும் வந்தது. அதன் துணை நாளைக்கு வரும் என்று தெரு மூன்று நாள் காத்திருந்தது. வரவில்லை. நான்காம் நாள், எதிர்வீட்டுப் பெண்கள் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்து, “பாவம், எந்த விபத்துல போச்சோ” என்று வருந்தத் தொடங்கினார்கள். அதன்பின் அதைக் கடந்து போகிறவர்கள் எல்லோரும் சற்று மெல்ல நடந்தார்கள்.

இவை எப்படி வந்தன என்று கேட்டவர் தெருவில் ஒருவரும் இல்லை. மழையில் நனைந்தால் தோல் உரிந்து போகுமே என்றுதான் கவலைப்பட்டார்கள். ஒருவர் தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினார். ஒருவர் விளக்கெண்ணெய் பூசினார். பால்காரர் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் இத்தனை பேர் இருக்கையில் அரை லிட்டர் எப்படிப் போதும் என்று கேட்டார். யாருடைய காலும் அந்தச் செருப்புகளுக்குள் நுழையவில்லை. பெரிய காலுக்கு அவை சிறுத்தன, சிறிய காலுக்குப் பெருத்தன, அளவொத்த காலென்றால் வார் இறுகி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிய நாய், அன்று மாலையே அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. செய்தி பரவிய பிறகு, வெள்ளைக்குளத் தெருவில் ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலர், மனைவிமார்களுக்கு முன்பாகவே எழுந்து போய்த் தாங்களே வாசற்கதவைத் திறக்கும் நல்ல பழக்கத்தை மேற்கொண்டார்கள்.

கடைத்தெருவில் காலணிக் கடை வைத்திருந்த அந்தோணிசாமியை வரவழைத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கையிலெடுத்துத் திருப்பி, சாதகம் பார்ப்பவரைப் போலப் பேசினார்.

“இந்த டயர் செருப்புக்காரர் ஏர் பிடிச்சவருங்க. பெருவிரல் பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. கான்வாஸுக்காரர் வெள்ளையடிக்கிறவர்.” முதலில் வந்த பழுப்புச் செருப்பை எடுத்தவர் நெடுநேரம் பார்த்தார். “இது பொம்பளை. நாள் முழுக்க நின்னே வேலை பார்த்தவங்க. குதிகால் ரெண்டும் ஒரே மாதிரி அமுங்கியிருக்கு. உட்காரவே நேரமிருந்திருக்காது.”

“எல்லாம் சரிங்க, இதெல்லாம் யாரு வீட்டு வாசல்லருந்து வந்துது?” என்று நீலாயதாட்சி கேட்டாள்.

“தொலைஞ்ச செருப்பு எங்கேயாவது போய்த்தான் சேரணும், அம்மா. உங்களுக்கே ஒண்ணு தொலைஞ்சதில்லையா?”

தொலைந்ததுண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிப்பூரத்தன்று, பித்தளைக் கொக்கி வைத்த அரக்கு நிறச் செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் வந்தபோது காணவில்லை. பூக்காரிமீது ஐயப்பட்டு, சுடும் சாலையில் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் உள்ளங்கால் எரியும்.

இவ்வளவையும் மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அடுத்த வீட்டுச் செண்பகவல்லி. அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யத்திலிருந்து மாற்றலாகி வந்து, வேறு தெருக்களில் நல்ல வீடுகள் இருக்க, இந்தத் தெருவில் இந்த இடிந்த வீடுதான் வேண்டுமென்று வாங்கியவள். அவளுடைய கொல்லையில் நின்ற முருங்கை மரம் நீலாயதாட்சியின் கிணற்றின்மேல் சாய்ந்திருந்தது. இருவருக்கும் நாள்தோறும் அதனால் வழக்கு.

“உங்க மரத்து இலை எங்க கிணத்துல விழுது.”

“இலைக்குத் தெரியுமாங்க, இது யார் வீட்டுக் கிணறுன்னு?”

“மரத்தை வச்சவங்களுக்குத் தெரியணும்.”

“வெட்டிடவா? சொல்லுங்க, வெட்டிடறேன். நாளைக்கு எதைச் சாக்கு வச்சு என்கிட்டப் பேசுவீங்க?”

செண்பகவல்லியிடம் நீலாயதாட்சிக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. தெருவில் தன்னைவிட மூத்த பெண்கள் அத்தனை பேரையும் வாய் நிறைய அக்கா என்று அழைக்கும் அவள், இரண்டே வயது மூத்த நீலாயதாட்சியை மட்டும் ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. எப்போதும், “என்னங்க”, “இங்க பாருங்க” என்பதுதான். படித்தவள் என்ற திமிர் என்று நீலாயதாட்சி முடிவு செய்திருந்தாள்.

ஐப்பசியில் சிவக்கொழுந்தின் நாற்பதாவது திதி வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னதாக நீலாயதாட்சி, ஆறரைச் சோடியையும் கோணிச் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் அவை ஈரத்தோடும் மணலோடும், ஒற்றைச் செருப்பின் மேல் ஒரு சிப்பியோடும், பழைய வரிசையிலேயே, முனை வீட்டை நோக்கியிருக்கக் கிடந்தன. அவள் அந்தச் சிப்பியை எடுத்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதாள். திதி செய்து வைக்கும் குருக்கள் சாமான் பட்டியல் சொல்ல வந்தவர், அவள் அழுது முடிக்கும்வரை குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

“ஏழு இலை கூடுதலாப் போட்டுடுங்கோ, அம்மா.”

“யாருக்கு? திதிச் சாப்பாட்டை வெளியாருக்குப் போடறதில்லைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?”

“ஆமாம், பங்காளி உறவுக்குத்தான் இலை. வாசல்ல செருப்பு கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். ஆள் இருக்கச்சே இலை போடாம நாம சாப்பிடப்படாது. அவா வெளியாரா உள்ளாரான்னு உங்களுக்குத் தெரியாதுன்னா, செருப்புக்குத் தெரிஞ்சிருக்கு.”

“எங்கப்பா எனக்கு ஒருத்திக்குத்தான் அப்பா, சாமி.”

குருக்கள் குடையை விரித்தார். எள்ளும் தர்ப்பையும் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திதியன்று, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு வெயில் அடித்தது. தெருவினர் அனைவரும் வந்திருந்தார்கள். செருப்புகளுக்கு இலை போடும் காட்சியைத் தவறவிட ஒருவருக்கும் மனமில்லை. அந்தோணிசாமிகூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்றார். செண்பகவல்லி அழைக்காமலே மதிலின் இடைவெளி வழியாக வந்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வாழைக்காய் சீவத் தொடங்கினாள். வேண்டுதல் என்று சொல்லிப் புரட்டாசி முதல் அவள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்; புரட்டாசியில் வெறுங்காலோடு நடப்பவர்கள் ஊரில் பலர் என்பதால், ஐப்பசி வந்த பிறகும் யாரும் காரணம் கேட்கவில்லை.

“இன்னும் மெல்லிசா சீவணும்,” என்றாள் நீலாயதாட்சி.

“உங்க வீட்டு அரிவாள்மணைக்குப் பல்லே இல்லை. அதுவும் உங்களோட சேர்ந்து ரிட்டயர் ஆயிடுச்சு போல.”

கூடத்தில் எட்டு இலைகள் விரிக்கப்பட்டன. நீலாயதாட்சிக்கு ஒன்று, செருப்புகளுக்கு ஏழு. அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாக ஒவ்வொன்றிலும் நீர் தெளித்தாள். ஏழாவது இலையில் தெளிக்கும்போது வெளியே திடீரென்று இருண்டது. கடலுக்கு மேலிருந்து வந்த மழை, முன்னறிவிப்பு ஏதுமின்றித் தெருவின்மேல் கொட்டியது.

“ஐயோ, என் மெத்தை,” என்றாள் செண்பகவல்லி. மூன்று நாளாக ஈரம் கோத்த மெத்தையையும் தலையணைகளையும் அவள் மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தாள். கொல்லை வழி சேறாகிவிடும் என்று வாசல் வழியாக ஓடினாள். கைகளால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டே, கண் பாராமல், கால் அறிந்த பழக்கத்தால், படியின் கீழே கிடந்தவற்றுள் முதல் சோடிக்குள் இரண்டு பாதங்களையும் நுழைத்துக்கொண்டு, சளக் சளக்கென்று தெருவில் ஓடி மறைந்தாள்.

கூடத்தில் இருந்தவர்கள் அனைவரும் பார்த்தார்கள்.   சற்று நேரம் கழித்து அந்தோணிசாமி, “ஏழாம் நம்பர் கால்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செண்பகவல்லி நனைந்த தலையணை ஒன்றை மறதியாகக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். படியருகே வந்ததும், எல்லோருடைய பார்வையும் தன் முகத்தில் இல்லை என்பதைக் கண்டு, அவளும் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மழையிலேயே நின்றாள்.

“எத்தனை நாளாத் தெரியும்?” என்று நீலாயதாட்சி கேட்டாள்.

“பிறந்ததுலேர்ந்து.”

“எங்கே?”

“உப்பளத்துப் பக்கம். எங்க வீட்டெதிர்ல ஒரு கம்பம். நூத்து நாப்பத்து நாலுன்னு தார்ல எழுதியிருக்கும். அதை எழுதினவர்தான் உங்கப்பான்னு எங்கம்மா காட்டினாங்க. நான் நம்பர் எழுதக் கத்துக்கிட்டதே அதைப் பார்த்துத்தான். அவர் வந்தது எனக்கு நினைவில்லீங்க. கம்பம்தான் நினைவு. ராத்திரியில அதுதான் வெளிச்சம்.”

நீலாயதாட்சி அந்தக் கம்பத்தை அறிவாள். பேருந்தில் அதைக் கடக்கும்போது மட்டும் தகப்பனார் ஒன்றும் சொல்லாமல் மறுபக்கம் பார்ப்பார். ஒரு கம்பத்தை விட்டுவிட்டீர்கள் என்று அவள் சொல்ல, எண்ணிக்கையில் மறந்துவிட்டது என்பார். அவர் எதையும் மறக்கிறவர் அல்லர்.

“அப்புறம் எதுக்கு இந்த வீட்டுக்குப் பக்கத்துல வந்தே? கேட்கறதுக்கா?”

“கேட்கணும்னா வந்த அன்னிக்கே கேட்டிருப்பேன். உங்கம்மா இருந்தாங்க. அவங்க மனசு ஏன் நோகணும்? சும்மா பக்கத்துல இருக்கலாம்னுதான் வந்தேன். மரமும் நல்லதாப் போச்சு.”

அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும், மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த தன் தாயார், ஒவ்வொரு திதியன்றும், சமையல் முடிந்ததும் ஒரு தூக்குச் சட்டியில் எல்லாவற்றிலும் சிறிது எடுத்து வைத்து, மூடி போட்டு, மதிலுக்கு மேலாகச் செண்பகவல்லியிடம் நீட்டியது நீலாயதாட்சியின் நினைவுக்கு வந்தது. திதிச் சாப்பாட்டை வெளியாருக்குக் கொடுக்கலாமா என்று அவள் கடிந்துகொள்ளும் போதெல்லாம், வயதானவள் மறந்துவிட்டேன் என்று சிரிப்பாள். அந்த வீட்டில் மறந்ததாகச் சொன்னவர்கள் யாரும் மறந்தவர்களாக இல்லை என்பது இப்போது விளங்கியது. பதிவேட்டில் தகப்பன் பெயருக்குரிய கட்டத்தில் சிறு கோடு இழுத்து நிரப்பிய பிறப்புகளை நீலாயதாட்சி நினைத்தாள். முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒரே அளவில், ஒரே மையில், தயங்காமல் இழுத்த கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மறுமுனையிலும் யாராவது ஒருவர், ஒரு கம்பத்தைப் பார்த்து எண் எழுதிப் பழகியிருக்கக்கூடும்.

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன்னிடம் இருந்த சொத்தை மனத்துக்குள் ஒருமுறை முழுவதும் எடுத்துப் பார்த்தாள். பேருந்து, சன்னல், தார் வாசனை, ஓடி மறையும் கம்பங்கள்.

“நம்பர் எழுதும்போது அப்பா நாக்கைக் கடிச்சுக்குவார்,” என்றாள். “ஓரமா, இப்படி. எழுதி முடிச்சு ரெண்டடி பின்னால போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்துட்டுத்தான் நாக்கை உள்ளே இழுப்பார்.”

செண்பகவல்லி தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதே,” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே தெரியும். உள்ள வா. இலையில ஈ மொய்க்குது.”

செண்பகவல்லி செருப்பைக் கழற்றி, மற்றவற்றோடு சேர்க்காமல், படியின் மறுபக்கத்தில் வைத்துவிட்டு வந்து முதல் இலையில் உட்கார்ந்தாள். நீலாயதாட்சி பரிமாறினாள், வாழைக்காய் தடிமனாகத்தான் சீவப்பட்டிருந்தது, அதை அவள் சொல்லவும் செய்தாள். மற்ற ஆறு இலைகளிலும் குறைவில்லாமல் எல்லாம் வைக்கப்பட்டன. ஒற்றைச் செருப்புக்குரிய இலையில் குருக்கள் தம் கையாலேயே ஒரு வடை கூடுதலாக வைத்தார். சாப்பாடு முடிந்ததும் நீலாயதாட்சி தொலைபேசியை எடுத்து, மெல்போர்னில் மாலை எத்தனை மணி என்றும் பாராமல் மகளை அழைத்தாள்.

“அதைத் திற. சிங்கப்பூர்க்காரி பேரைப் படி. மெதுவாப் படி, எழுதிக்கிறேன்.”

மழை விட்டது. தெருவினர் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். செண்பகவல்லி கை கழுவிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு வந்து, முருங்கை மரத்தின் கீழே மதிலில் இருந்த இடைவெளியைக் காட்டி, “ஒரு நிமிஷம் என் வீட்டுக்கு வாங்க. ஒண்ணு கொடுக்கணும்,” என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த இடைவெளியை நீலாயதாட்சி ஒரு முறைகூடத் தாண்டியதில்லை.

அந்தப் பக்கம், செண்பகவல்லியின் கொல்லை வாசற்படியின் கீழே, ஒரு சிறிய சாக்கு விரிப்பின்மேல், முனை வீட்டை நோக்கியிருக்க, பித்தளைக் கொக்கி வைத்த அரக்கு நிறச் செருப்பு ஒரு சோடி கிடந்தது. கொக்கி துலக்கப்பட்டிருந்தது. தூசி என்பது இல்லை.

“நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த ஆடிப்பூரத்தன்னிக்கு வந்து கிடந்துது. யாருதுன்னு அப்பவே தெரியும். கொண்டுவந்து கொடுத்தா, எப்படி இங்க வந்துதுன்னு கேட்பீங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது? தினமும் துடைச்சு வச்சேன். ஆள் உள்ளேதான் இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன்.”

நீலாயதாட்சி வலது காலை நுழைத்தாள். அறுபத்து நான்கு வயதின் வீக்கமும் விரல்களின் வளைவும் கொண்ட அந்தப் பாதத்துக்கு அது சரியாக இருந்தது. அங்கே கிடந்த காலமெல்லாம் அதுவும் அவளோடு சேர்ந்து வயதாகியிருந்தது. இடது காலையும் நுழைத்துக்கொண்டு, அந்தச் சிறிய முற்றத்தில் மூன்று நான்கு அடி நடந்து பார்த்தாள். மேலிருந்து முருங்கை இலைகள் மழைநீரோடு அவள் தலைமேல் உதிர்ந்தன.

செண்பகவல்லி கொல்லைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்றாள். அவளுடைய உதடுகள் ஒரு முறை அசைந்து நின்றன; நெடுங்காலம் பூட்டி வைத்த பொருளை வெளியே எடுப்பவளைப் போலச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

“உள்ள வாங்கக்கா.”

நீலாயதாட்சி செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனாள்.